ஐயம்பேட்டைக்குப் போன வியாழக்கிழமைகள்

இல்லை, கெட்ட சகவாசத்தால் வந்த நோய் இல்லை அது. தனசேகரனைப் பற்றி அப்படி ஒரு பேச்சை அடுத்த தெருவரைக்கும் கொண்டுபோனவர்கள் யாராக இருந்தாலும், இதை முழுசாகக் கேட்டுவிட்டுப் பிறகு பேசட்டும். ஆண்பிள்ளைக்கு அந்த இடத்தில் வலி வந்தால் அதற்குப் பின்னால் ஒருத்தி இருந்தே ஆக வேண்டுமா? அப்படியானால் பல்வலி வந்தவனெல்லாம் திருடித் தின்றவனா? ஐயம்பேட்டையில் அவனுக்கு ஒருத்தி இருந்தாள் என்கிறார்கள். இருந்தாள்தான். வயது எழுபத்தைந்து, வாயில் மிச்சம் இரண்டே பல். அவள் யார் என்று சொன்னால் பேசின வாயெல்லாம் தானாக மூடிக்கொள்ளும்.

தனசேகரனுக்கு முப்பத்து மூன்று வயது. பெரிய காஞ்சிபுரத்தில் பட்டு நெய்கிற வீட்டுப் பிள்ளை. அப்பா சீக்கிரம் போய்விட்டார். அம்மா கிருஷ்ணம்மாள்தான் ஒற்றையாளாக நின்று வளர்த்தாள். தெருவில் யார் வீட்டுத் தண்ணீர் மோட்டார் நின்றுபோனாலும் கூப்பிடாமலே போய் நிற்பான். கேரம் ஆட உட்கார்ந்தால் கையும் ஓயாது, வாயும் ஓயாது. எல்லோரையும் பற்றிப் பேசுவான், தன் உடம்பைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை வராது. கல்யாணத்தன்று அவனுக்கு நல்ல ஜுரம். தாலி கட்டின கை தோளில் பட்டுச் சுட்ட பிறகுதான் கலைவாணிக்கே அது தெரிந்தது. அப்படிப்பட்ட மனிதன்.

அந்தக் கலைவாணிதான் அவனுக்குக் கோர்வை போடுகிறவள். உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம் என்று நெய்கிற புடவைக்கு ஒரு ஆள் போதாது. நெய்கிறவன் குழியில் காலை இறக்கி மிதியை மிதித்து, ஊடை நூலைச் சுமந்து ஓடுகிற நடு நாடாவையும் இடது கரை நாடாவையும் பார்த்துக்கொள்வான். வலது கரை நாடாவை வாங்கித் திருப்பி விட, பக்கத்தில் இன்னொரு ஆள் உட்கார்ந்தே இருக்க வேண்டும். எட்டு வருஷமாக அந்த ஆள் கலைவாணி. காலையிலிருந்து பொழுது சாய்கிற வரைக்கும் ஒரு கை தூரத்தில் உட்கார்ந்திருக்கிறவள். அவளுக்கே தெரியவில்லை என்றால் நம்புவீர்களா? அவளாலேயே இன்னும் நம்ப முடியவில்லை.

கண்ணில் படாமல் இல்லை. போன ஐப்பசியிலிருந்து அவன் குழியை விட்டு எழும்போது இரண்டு கையையும் மேட்டில் ஊன்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். கேட்டால் இடுப்புப் பிடித்துக்கொண்டது என்றான். உட்காருகிற பலகையில் பழைய தலையணையை மடித்துப் போட்டான். கேட்டால் பலகை உறுத்துகிறது என்றான். தை மாதம் வந்ததும் பாயை எடுத்துக்கொண்டு தறிப்பக்கம் படுக்கப் போனான். உள்ளே புழுக்கமாக இருக்கிறதாம். தை மாதத்துப் புழுக்கம்! ஒரே பெண் குழந்தையோடு நின்றுபோனதில் அவனுக்கு ஏதோ வருத்தம் போல என்று கலைவாணி தனக்குத் தானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டாள்.

சித்திரையில் வியாழக்கிழமைப் பயணம் ஆரம்பித்தது. மத்தியானச் சோறு தின்று கை கழுவியதும் ஷேர் ஆட்டோ பிடித்து ஐயம்பேட்டைக்குப் போவான். விளக்கு வைக்கிற நேரத்துக்குத் திரும்பி வருவான். முதலில் கண்டுபிடித்தது எதிர்வீட்டுக் காந்தா. கண்டுபிடிப்பதற்கென்றே பிறந்தவள் அவள். போகும்போது நீலக் கட்டம் போட்ட கைலி, வரும்போது பழுப்புக் கட்டம். அடுத்த வாரம் பழுப்பில் போய் நீலத்தில் வந்தான்.

"கட்டின்னு போற கைலி ஒண்ணு, கட்டின்னு வர்றது ஒண்ணு. துவைச்சுக் குடுக்க அங்க ஆள் இருக்குது போல," என்று குழாயடியில் காந்தா சொன்னது அன்றைக்கே நாலு வீட்டுக்குப் போய்விட்டது. ஐந்தாவது வீடு கலைவாணியுடையது.

பழுப்புக் கட்டம் போட்ட அந்தக் கைலியைக் கலைவாணி கொடியிலிருந்து உருவிப் பார்த்தாள். அவள் வாங்கின கைலி இல்லை அது. மூக்குக்கிட்ட வைத்துப் பார்த்தாள். சீயக்காய் வாசனை. அதற்கு அடியில் வேறு ஏதோ ஒன்று. எட்டு வருஷம் ஒரே தறியில் உட்கார்ந்தவன் அவன். அவன் பெருமூச்சு விட்டால் எந்த இழை அறுந்தது என்று சொல்லிவிடுவாள். அப்படி இருக்கும்போது இது எங்கிருந்து வந்தது?

ஆடி மாதம் ஒரு வியாழக்கிழமை, அவன் போன ஆட்டோவுக்கு அடுத்த ஆட்டோவில் ஏறினாள். வழியெல்லாம் அந்தப் பெண்ணிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று மனதில் கோத்துக்கொண்டே போனாள். முந்தானையை இழுத்துச் செருகியிருந்தாள், தேவைப்பட்டால் கையைப் பயன்படுத்துவது என்றும் முடிவு. ஐயம்பேட்டையில் இறங்கி, அவன் போகிற வீட்டை விசாரித்துச் சந்துக்குள் நுழைந்து, ஆடு கட்டியிருந்த ஒரு ஓட்டு வீட்டின் கதவைத் தள்ளினாள்.

உள்ளே ஒரு கிழவி அம்மியில் எதையோ அரைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு பல்லைக் காட்டி, "உக்காருமா, இப்பதான் மருந்துப் பத்து போட்டிருக்குது," என்றாள்.

பின்கட்டில் பாய் மேல் தனசேகரன் மல்லாந்து படுத்திருந்தான். தொடை நடுவில் வதக்கின இலையை வைத்துத் துணியால் கட்டியிருந்தது. விளக்கெண்ணெய் வாசனையும் பச்சை முட்டை வாசனையும் அறை முழுக்க. மனைவியைப் பார்த்ததும் அவன் எழுந்திருக்கப் பார்த்தான், முடியவில்லை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். சண்டைக்கென்று செருகியிருந்த முந்தானையை அவள் உருவி விட்டாள். வாசற்காலைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

அது தர்மன் வீடு. விரை வீக்கத்துக்குக் கழற்சிக்காய்ப் பருப்பை முட்டை வெள்ளையில் குழைத்துப் பற்றுப் போடுகிறவர். அரைக்கிற கிழவி அவருடைய அம்மா. இதுதான் ஐயம்பேட்டைப் பெண்ணின் கதை. கைலி மாறின கதையும் இதில்தான் இருக்கிறது. எண்ணெய் பட்ட கைலியோடு வந்து தறியில் உட்கார்ந்தால் பட்டில் கறை ஏறும், புடவையே வீணாகும். அதனால் எண்ணெய்க் கைலியைக் கிழவி துவைத்து வைக்க அங்கேயே விட்டுவிட்டு, குளித்து, அங்கே வாங்கி வைத்திருந்த வேறு ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்தான். பட்டுக்குப் பயந்த மனிதன் உடம்புக்குப் பயப்படவில்லை.

ஏன் பயப்படவில்லை என்று கேட்டால், அதற்குக் காரணம் நம் ஆட்கள்தான். குழித்தறிக்காரனுக்கு விரையில் நீர் இறங்குவது புதிதா? அந்தக் காலத்தில் குழி முழுக்கக் கொசு, ஊர் முழுக்க யானைக்கால். தனசேகரனின் தாத்தாவுக்கு இளநீர்க்காய் அளவுக்கு வீக்கம். அதோடு முப்பது வருஷம் நெய்தார், எண்பது வயதில் வேறு எதிலோ போனார். அதனால் இவனுக்கு வீங்கினபோது, நம் தொழிலோடு வருகிறதுதானே என்று இருந்துவிட்டான். குத்துகிற வலியாக இருந்திருந்தால் கூட ஓடியிருப்பான். இது குத்தவில்லை. கல்லைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி ஒரு பாரம், அடிவயிற்றை இழுக்கிற மாதிரி ஒரு வலி. வரும், இருக்கும், போகாது.

அதையெல்லாம் விடக் கலைவாணியைத் தூக்கிப் போட்டது தர்மன் சொன்னதுதான்.

"நீயாவது சொல்லுமா. இது நீர் இல்ல. நீர்னா அமுக்குனா அமுங்கும். இது கொட்டாங்கச்சி மாதிரி கெட்டியா இருக்குது. ஆறு வாரமா டாக்டர்கிட்ட போ போன்னு சொல்லிக்கினு இருக்கிறேன். பத்து போடமாட்டேன்னா, கையைப் புடிச்சுக் கெஞ்சுறாருமா."

ஆறு வாரம். வைத்தியம் செய்கிறவரே வேண்டாம் என்று சொல்லி ஆறு வாரம். திரும்பி வரும் ஆட்டோவில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டதை அவள் முதல் தடவையாகப் பார்த்தாள். இறங்கினதும் ஒன்றே ஒன்று சொன்னாள், நாளைக் காலையில் டாக்டர்.

டாக்டர் சுகாசினி சின்னப் பெண். அதைப் பார்த்ததும் தனசேகரன் வாசலிலேயே நின்றுவிட்டான். உள்ளே தள்ளிக்கொண்டு போனால், என்ன செய்கிறது என்று கேட்டதற்கு வயிற்று வலி என்கிறான். எந்தப் பக்கம் என்றால் எல்லாப் பக்கமும் என்கிறான். கலைவாணி தன் பிறவியில் வாய்விட்டுச் சொல்லாத வார்த்தையை அன்றைக்குச் சொன்னாள்.

"விரையில வலி டாக்டர். வலது பக்கம். பத்து மாசமா."

அந்தப் பெண் முகம் சுளிக்கவில்லை, சிரிக்கவும் இல்லை. திரை மறைவில் படுக்கவைத்துப் பார்த்தாள். விளக்கை அணைத்துவிட்டு ஒரு சின்ன டார்ச்சை வீக்கத்தின் பின்னால் வைத்தாள். நீராக இருந்தால் வெளிச்சம் சிவப்பாகத் தெரியுமாம். இடது பக்கம் லேசாகத் தெரிந்தது. வலது பக்கம் இருட்டு. உடனே ஸ்கேனுக்கும் ரத்தத்துக்கும் எழுதிக் கொடுத்தாள்.

சாயங்காலம் ஸ்கேன் உறையை மேஜை மேல் வைத்துக்கொண்டு, அந்தப் பெண் பொறுமையாகச் சொன்னதைக் கேட்டுக் கலைவாணிக்கு வியப்பாகவும் இருந்தது, அடித்துப் போட்ட மாதிரியும் இருந்தது. அந்த இடத்து வலிக்கு எத்தனை காரணம் இருக்கிறதாம்! சீழ் பிடித்து ஜுரத்தோடு வரும் வலி உண்டு, அது மருந்துக்குக் கேட்கும். நரம்பு புடைத்துக்கொண்டு நின்றால் வலிக்கும். குடல் இறங்கினால் வலிக்கும். சிறுநீரகத்தில் கல் இருந்தால் கூட வலி அங்கே வந்து காட்டும். நீர் கட்டினாலும் பாரமாக இருக்கும். பாதிக்கு மேல் பயப்பட ஒன்றும் இல்லாதவை. ஆனால் எது எது என்று வீட்டில் உட்கார்ந்து யாராலும் சொல்ல முடியாது. திடீரென்று உயிர் போகிற வலி, கூட வாந்தி என்றால், விரை முறுக்கிக்கொண்டிருக்கலாம். அன்றைக்கு ஒரு வேளைச் சோற்றுக்குக் கூடக் காத்திருக்கக் கூடாது, ஆறு மணி நேரத்துக்குள் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். கெட்டியான கட்டி, பாரம், ஒரு பக்கம் மட்டும் பெரிதாவது, இதில் எது இருந்தாலும், வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும், நாள் கடத்தக் கூடாது. வலிக்கவில்லை என்று எத்தனையோ பேர் விட்டுவிடுகிறார்களாம்.

"இவருக்கு இருக்கிறது கட்டிமா. புற்றா இருக்கும்னுதான் நினைக்கிறேன். அந்த விரையை எடுத்துப் பார்த்தாதான் முழுசாத் தெரியும். பரவுறதுக்கு முன்னாடி எடுத்துட்டா பெரும்பாலும் நல்லாயிடுவாங்க. திங்கக்கிழமை பெரிய ஆஸ்பத்திரியில சேர்ந்துடுங்க. அதுக்கு மேல ஒரு நாளும் வேணாம்."

முப்பத்து மூன்று வயது ஆளுக்கு, அந்த இடத்தில், புற்று. அப்படி ஒன்று உண்டு என்றே கலைவாணிக்குத் தெரியாது. பீடி இல்லை, பாக்கு இல்லை, குடி இல்லை. அவள் தலையைக் குனிந்துகொண்டு, கெட்ட பழக்கத்தால் வருகிறதா என்று கேட்டும்விட்டாள். கேட்டுவிட வேண்டும் அல்லவா? இல்லை, அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று டாக்டர் சொன்னாள். சின்ன வயதுக்காரர்களுக்குத்தான் இது அதிகம் வருகிறது என்றும் சொன்னாள். தெருவில் பேசுகிறவர்கள் காதில் இந்த ஒரு வரியாவது விழட்டும்.

பிறகு டாக்டர் அவன் அடிவயிற்றில் இருந்த பழைய தழும்பைப் பற்றிக் கேட்டாள். ஏழு வயதில் குடல் இறக்கத்துக்கு ஆபரேஷன் செய்தது என்று தனசேகரன் சொன்னான். அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். டாக்டர் தழும்பை இன்னொரு தடவை பார்த்துவிட்டு, அம்மாவை ஒரு தடவை கேட்டுப் பாருங்கள் என்றாள்.

வீட்டுக்கு வந்து, செருப்பைக் கூடக் கழற்றாமல் கலைவாணி கேட்டாள். கிருஷ்ணம்மாள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறம் கையிலேயே நின்றது. புற்று என்ற வார்த்தை காதில் விழுந்ததும் முறம் கவிழ்ந்து அரிசி தரையெல்லாம் ஓடியது.

"குடல் இறக்கம் இல்லமா," என்றாள். "பொறந்தப்போ வலது பக்கம் எறங்கவே இல்ல. ஏழு வயசுல ஆபரேசன் பண்ணி எறக்கி வெச்சாங்க. வயசு வந்ததுக்கப்புறம் வருசா வருசம் காட்டு, இது பின்னாடி கட்டி வைக்கலாம்னு அந்தப் பெரிய டாக்டர் சொன்னாரு. ஒண்ணு சரியில்லாத பையனுக்கு எவன் பொண்ணு குடுப்பான்? தெருவுக்கு அப்படிச் சொல்லிட்டேன். அவனுக்கும் அதையே சொல்லிட்டேன்."

தனசேகரன் அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றான். தன் உடம்பைப் பற்றித் தனக்குத் தெரியாமல் இருபத்தாறு வருஷம் ஒரு சேதி இந்த வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறது. கோபப்படக் கூட அவனுக்குத் தெரியவில்லை.

கலைவாணி குனிந்து அரிசியை அள்ள ஆரம்பித்தாள். "என்கிட்ட மறைச்சது போவட்டும் அத்தை," என்றாள். "அவர்கிட்ட சொல்லியிருக்கலாம்."

அந்த அம்மாவை வைவது சுலபம். அந்தத் தெருவில், அந்த வயதில், புருஷன் இல்லாமல் ஒற்றைப் பிள்ளையை வைத்துக்கொண்டு இருந்தவள் வேறு என்ன செய்திருப்பாள் என்று கேட்டுப் பாருங்கள். செய்தது தப்புதான். தப்பைத் தப்பு என்று சொல்லிவிட்டு, கேள்வியையும் கேட்க வேண்டும்.

சரி, இத்தனை தெரிந்த பிறகாவது மனிதன் ஆஸ்பத்திரிக்குப் போவான் என்று யாரும் நினைப்பார்கள். சனிக்கிழமை விடிந்ததும் தனசேகரன் குளித்து, திருநீறு பூசி, தறியில் போய் உட்கார்ந்தான். ஆவணி முகூர்த்தத்துப் புடவை அது, அரக்கில் பச்சைக் கரை. இன்னும் ஒன்பது நாள் வேலை இருந்தது. முகூர்த்தப் புடவையை ஒரே கைதான் முடிக்க வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். ஊடையை நெருக்கப் பலகை அடிக்கிற அடி கைக்குக் கை மாறும், நெசவில் அது கோடாகத் தெரியும். கல்யாணப் பெண் கட்டுகிற துணியில் அப்படி ஒரு கோடு விழக் கூடாது என்பார்கள். கிருஷ்ணம்மாளும் அதையே சொன்னாள், ஒன்பது நாள்தானே என்று. முந்தின நாள் அரிசியைக் கொட்டிவிட்டு அழுதவளேதான்.

"ஒம்பது நாள்தான்," என்றான் அவனும். "பத்து மாசம் இருந்ததுக்கு ஒம்பது நாள்ல இன்னா ஆயிடப் போவுது? வா, வந்து உக்காரு."

கலைவாணி வந்தாள். தான் உட்காருகிற மணையை எடுத்தாள். வலது கரை நாடாவையும் எடுத்தாள். இரண்டையும் சமையலறைக்குக் கொண்டுபோய், மணையைப் போட்டு அதன் மேல் உட்கார்ந்து, மடியில் நாடாவை வைத்துக்கொண்டு கீரை ஆய ஆரம்பித்தாள்.

"அது என்கிட்டயே இருக்கட்டும்," என்றாள். "நீங்க திங்கக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போறேன்னு சொல்ற வரைக்கும் கரை ஓடாது."

அவன் சிரித்தான். பிறகு கத்தினான். எட்டு வருஷத்தில் அவன் கத்தி அந்தத் தெரு கேட்டதில்லை. கிருஷ்ணம்மாள் மருமகளிடம் கெஞ்சினாள். கீரைக்கட்டு தீர்ந்தது, கலைவாணி அடுத்த கட்டை எடுத்தாள்.

வீம்புக்கு அவன் பெட்டியிலிருந்து வேறு நாடாவை எடுத்துப் போட்டுத் தனியாக நெய்யப் பார்த்தான். நடு நாடாவை விட்டு, குழியிலிருந்து எழுந்து, சுற்றிக்கொண்டு வலது பக்கம் வந்து, கரையைக் கோத்துத் திருப்பிவிட்டு, மறுபடி போய்க் குழியில் இறங்கினான். ஒரு இழைக்கு ஒரு தடவை. இரண்டாவது தடவை வேர்த்துக் கொட்டியது. மூன்றாவது தடவை கையை ஊன்றினான், உடம்பு மேலே வரவில்லை. மறுபடி ஊன்றினான். வரவில்லை. இடுப்பளவு குழியில் நின்றுகொண்டு, பட்டின் மேல் வேர்வை சொட்டிவிடக் கூடாது என்று முகத்தை மட்டும் அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

சமையலறையில் கலைவாணிக்குத் தறிச் சத்தம் நின்றது கேட்டது. அவள் எழுந்திருக்கவில்லை. மடியில் இருந்த நாடாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கல் நெஞ்சம் என்று யாராவது சொல்வதானால் சொல்லிக்கொள்ளட்டும்.

வெகுநேரம் கழித்து அவன் குரல் வந்தது.

"கலா. கையைக் குடு."

"எதுக்கு?"

"மேல ஏற முடியல. போறேன். திங்கக்கிழமை போறேன்."

அப்போதுதான் அவள் ஓடிப்போனாள். இரண்டு அக்குளிலும் கையைக் கொடுத்து அவனை மேலே இழுத்தாள். மேட்டில் உட்கார்ந்து அவன் கொஞ்ச நேரம் வாய்விட்டு அழுதான். பத்து மாதத்து வலியும் அன்றைக்குத்தான் சத்தமாக வெளியே வந்தது. அழுது முடித்து, புடவையை நெய்யக் கொடுத்த முதலாளிக்கு அவனே போன் போட்டான். உடம்புக்கு முடியவில்லை, வேறு யாரையாவது உட்கார வைத்து முடித்துக்கொள்ளுங்கள், கோடு விழுந்தால் விழட்டும் என்று சொன்னான். கிருஷ்ணம்மாள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். அந்த வீட்டிலிருந்து அப்படி ஒரு வார்த்தை அதுவரை போனதில்லை. முதலாளி என்ன சொன்னாரோ, அவன் சரி சரி என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டான்.

திங்கட்கிழமை காலையில் கலைவாணி இரண்டு வேட்டியும் ஒரு துண்டும் பையில் வைத்தாள், ஸ்கேன் உறையைக் கையில் எடுத்துக்கொண்டாள். அவர்கள் பெண் பள்ளிக்கூடச் சீருடையில் வாசல் வரைக்கும் வந்து நின்றது. அது நல்ல கூட்டமான நேரம். குழாயில் தண்ணீர் வருகிற நேரம். தெருவே குடத்தோடு நின்றது.

தனசேகரன் படியை விட்டு ஒவ்வொரு காலாக மெதுவாக இறங்கினான். எதிர்வீட்டுக் காந்தா குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே, இன்றைக்குத் திங்கட்கிழமைதானே, இன்றைக்கும் பயணமா என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி விசாரித்தாள். குழாயடியில் இரண்டு பேர் சிரித்தார்கள்.

அவன் நின்றான். கலைவாணி அவன் முழங்கையைப் பிடித்து இழுத்தாள், போய்விடலாம் என்று. அவன் போகவில்லை.

"விரையில கட்டி கா," என்றான். கேரம் ஆடும்போது பேசுகிற அதே குரல். "புற்றுங்கிறாங்க. ஒண்ணை எடுக்கப் போறாங்க. ஐயம்பேட்டையில பத்து போட்டுப் பார்த்தேன், கேக்கல."

குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது, யாரும் குழாயை மூடவில்லை. அப்படி ஒரு வார்த்தையை ஒரு ஆண்பிள்ளை பட்டப்பகலில் நடுத்தெருவில் நின்று சொல்லி அந்தத் தெரு கேட்டதில்லை. காந்தாவின் முகம் வெளுத்துவிட்டது.

"எத்தினி நாளா பா?" என்றாள், பாதிக் குரலில்.

"பத்து மாசம்."

"பத்து மாசமா? ஒரு வார்த்தை சொல்லலியே பா."

"நீங்க வேற காரணம் சொல்லிக்கினு இருந்தீங்களே கா. நல்லாத்தான் இருந்துச்சு. அதை எதுக்குக் கெடுக்கணும்னு வுட்டுட்டேன்."

சொல்லிவிட்டு, கலைவாணியின் கையிலிருந்து பையை வாங்கித் தானே தோளில் மாட்டிக்கொண்டு, தெருமுனைக்கு நடந்தான்.